இந்த டர்னில் எதை விடுகிறீர்கள்? (வாசகர் கேள்வி–பதில்)

போன இதழில் சிவிலைசேஷன் விளையாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் நிறைய மலையிலிருந்து, அதாவது நீலகிரியும் கொடைக்கானல் பக்கமும். அதனால் இந்த முறை மலைக்காரர்களுக்கே முழுப் பக்கமும். விளையாடிப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1991இல் சித் மையர் கொண்டுவந்த கம்ப்யூட்டர் விளையாட்டு இது. கி.மு. 4000இல் ஒரு சின்னக் கூட்டத்தோடு ஆரம்பித்து, ஊர் அமைத்து, வயல் போட்டு, எழுத்தும் சக்கரமும் கண்டுபிடித்து, பக்கத்து நாட்டோடு சண்டையோ சமாதானமோ செய்து, விண்வெளி வரைக்கும் போகலாம். நம் முறை முடிந்த பிறகுதான் எதிராளி நகர்வார், நாம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். அந்த ஒரு முறைதான் டர்ன்.

அண்ணா, சிவிலைசேஷன் 6இல் பிரின்ஸ் லெவலில் சுலபமாக ஜெயிக்கிறேன். கிங் லெவல் வைத்தால் நூறாவது டர்னுக்குள் எல்லோருக்கும் பின்னால் போய்விடுகிறேன். ஸ்டோன்ஹெஞ்ச், பிரமிட் எல்லாம் கட்டியும் ஏன் இப்படி?
– கல்லூரி மாணவர், கோத்தகிரி

தம்பி, கட்டியும் ஏன் என்று கேட்கிறீர்கள், கட்டியதால்தான். பிரின்ஸில் நீங்களும் கம்ப்யூட்டரும் சமம். கிங்கிலிருந்து மேலே போகப் போக, எதிராளிக்கு உற்பத்தி, தங்கம், அறிவியல், சண்டை என்று எல்லாவற்றிலும் கூடுதலாகக் கொடுத்துவிடுவார்கள், அதனால் அங்கே நமக்கு வீணாக்க ஒரு டர்ன்கூடக் கிடையாது. ஸ்டோன்ஹெஞ்ச் என்ற அதிசயத்தைக் கட்ட 180 உற்பத்தி வேண்டும். புது ஊர் அமைக்கப் போகிற ஆள்தான் செட்லர், முதல் செட்லருக்கு 80 போதும், அடுத்தடுத்த செட்லருக்கு விலை ஏறிக்கொண்டே போகும் என்றாலும், ஒரு ஸ்டோன்ஹெஞ்ச் விலையில் கிட்டத்தட்ட இரண்டு ஊர் வந்துவிடும். ஆரம்பத்தில் தலைநகரம் டர்னுக்கு ஐந்தோ ஆறோதான் உற்பத்தி செய்யும், அப்படியென்றால் முப்பது டர்ன் அந்தக் கல்லுக்கே போய்விட்டது, அந்த முப்பது டர்னில் பக்கத்து நாட்டுக்காரர் ஆற்றங்கரை முழுவதையும் பிடித்துவிடுவார். கல் உங்களுடையது, தண்ணீர் அவருடையது.

தண்ணீர் என்று சொன்னதும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கிங் லெவலில் தோற்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் தோற்பது இதில்தான். ஆறு, ஏரி பக்கத்தில் ஊர் வைத்தால் 5 வீடு, கடற்கரையில் 3, தண்ணீரே இல்லாத இடத்தில் 2. மக்கள்தொகை அந்த எண்ணை நெருங்கும்போதே வளர்ச்சி பாதியாகும், எட்டிவிட்டால் கால் பங்காகும். வறண்ட இடத்து ஊர் வெகு காலம் இரண்டு மூன்று பேரோடு தள்ளாடும். ஆற்றை ஒட்டி ஒரு பிளெயின்ஸ் ஹில் (சமவெளிக் குன்று) கட்டம் கிடைத்தால் யோசிக்காமல் அங்கேயே வையுங்கள், ஊர் நிற்கும் கட்டமே முதல் டர்னிலிருந்து 2 உணவும் 2 உற்பத்தியும் தரும்.

என் வழக்கம் என்னவென்றால், முதலில் ஒரு ஸ்கவுட், அப்புறம் ஒரு ஸ்லிங்கர் (கவண் வீரர்), அப்புறம் செட்லர். ஸ்கவுட் மேப்பைத் திறந்து தண்ணீரைக் காட்டும். ஸ்லிங்கர் எதற்கென்றால், பார்பேரியன், அதாவது எந்த நாட்டையும் சேராத கொள்ளைக் கூட்டத்தின் ஸ்கவுட் ஒன்று வந்து உங்கள் ஊரைப் பார்த்ததும் அதன் தலைக்கு மேல் ஒரு ஆச்சரியக்குறி தோன்றும், அது தன் முகாமுக்குத் திரும்பிச் சேர்ந்தால் பின்னாலேயே கூட்டமாக வருவார்கள், அதை வழியிலேயே முடிக்க வேண்டும். ஸ்லிங்கராலேயே அதை வீழ்த்தினால் வில்வித்தை ஆராய்ச்சியில் 40 சதவீதம் சும்மா கிடைக்கும். அறுபதாவது டர்னுக்குள் நாலு ஊர் வந்துவிட்டால் கிங் லெவல் உங்களுக்குப் பழகிவிடும். பிரமிட் மட்டும் ஒரு விலக்கு, அதைக் கட்டினால் வயலும் சுரங்கமும் போடும் ஒவ்வொரு பில்டரும் ஒரு வேலை கூடுதலாகச் செய்வார், நிறைய ஊர் வைத்திருப்பவருக்கு அது நல்ல வரவு. ஆனால் பாலைவனக் கட்டம் வேண்டும், உங்கள் எல்லைக்குள் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் எதையாவது கட்டச் சொல்லிப் பட்டனை அழுத்தும் முன், இதைக் கட்டும்போது எதைக் கட்டாமல் விடுகிறேன் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டிலிருந்து ஒரே ஒரு பாடம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், கீழே வரும் பதில்களிலும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்பேன்.

பையன் பிளஸ் டூ படிக்கிறான். ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப்பை மூடு என்றால் "ஒரே ஒரு டர்ன்மா" என்கிறான், எழுந்து பார்த்தால் ஒரு மணி. அடியோடு நிறுத்திவிடலாமா?
– ஒரு அம்மா, குன்னூர்

நிறுத்த வேண்டாம் அம்மா, ஆனால் "ஒரு டர்ன்" என்பதை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். அவன் பொய் சொல்லவில்லை. இந்த விளையாட்டில் எல்லா வேலையும் ஒரே டர்னில் முடியாது, நூலகம் முடிய இரண்டு டர்ன், செட்லர் வர மூன்று, ஆராய்ச்சிக்கு நாலு, இப்படி ஒன்று மாற்றி ஒன்று முடிந்துகொண்டே இருக்கும், எந்த இடத்திலும் "சரி, இதோடு போதும்" என்று தோன்றவே தோன்றாது. அதனால் நேரத்தை விளையாட்டிடம் விடக்கூடாது, வெளியே ஒரு கடிகாரம் வேண்டும்.

இரண்டு வழி சொல்கிறேன். புது ஆட்டம் தொடங்கும்போது வேகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்டாண்டர்ட் வேகத்தில் ஆட்டம் 500 டர்ன் வரை போகும், ஆன்லைன் வேகத்தில் 250, மாரத்தானில் 1500. அவன் எதில் ஆடுகிறான் என்று கேளுங்கள், மாரத்தான் என்றால் பரீட்சை முடிகிற வரை ஆன்லைன் வேகத்துக்கும் சின்ன மேப்புக்கும் மாறச் சொல்லுங்கள். இன்னொன்று, மூடும் முன் அடுத்த மூன்று டர்னில் என்ன செய்யப்போகிறான் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மறந்துவிடுமே என்ற பயம்தான் பாதிப் பேரை உட்கார வைக்கிறது, எழுதிவிட்டால் எழுந்து போக முடியும். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் இந்த இடத்தில் ஊர் வைத்தாய் என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லும் காரணம் உங்களை ஆச்சரியப்படுத்தும்.

காட்டை வெட்டினால் உடனே உற்பத்தி கிடைக்கிறது. நன்றாக ஆடுகிறவர்கள் எல்லோரும் வெட்டு, வெட்டு என்கிறார்கள். கூடலூரில் பிறந்து வளர்ந்த எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. வெட்டாமல் ஜெயிக்க முடியுமா?
– ஒரு வாசகர், கூடலூர்

முடியும். முதலில் விளையாட்டின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பில்டர் மரத்தை வெட்டினால் ஒரே டர்னில் ஒரு மொத்த உற்பத்தி வரும், நம் அறிவு வளர வளர அந்த அளவும் கூடும், மேக்னஸ் என்ற கவர்னர் அந்த ஊரில் இருந்தால் இன்னும் 50 சதவீதம். அதனால் அவர்கள் வெட்டச் சொல்வது ஆட்டத்துக்குள் சரியான கணக்குதான். விடுவது என்ன? அந்தக் கட்டத்தில் மர ஆலை போட்டால் ஆட்டம் முடியும் வரை வந்துகொண்டிருக்கும் உற்பத்தி. மழைக்காடு என்றால் பக்கத்தில் கேம்பஸ் என்ற கல்வி வளாகம் வைக்கும்போது கிடைக்கும் அறிவியல். பிற்காலத்தில் தேசியப் பூங்கா அமைக்க அழகான நாலு கட்டங்கள் சேர்ந்தாற்போல் வேண்டும், பக்கத்தில் மரம் நின்றால் அழகு ஏறும், வெட்டியவருக்கு அந்த ஏற்றம் கிடைக்காது. கேதரிங் ஸ்டார்ம் என்று 2019இல் வந்த கூடுதல் தொகுப்பில் உலகத்தில் எவ்வளவு காடு அழிந்தது என்பதும் பருவநிலைக் கணக்கில் சேரும், கடல் ஏறி கடலோரக் கட்டங்களை மூழ்கடிக்கும். வெட்டாமல் ஆடுவதற்கு, கலாச்சார வெற்றியைக் குறி வையுங்கள். காடு நிற்கும் ஊரில் பூங்காவுக்கு இடம் ஒதுக்கிவிட்டு, உற்பத்திக்கு வேறு இரண்டு ஊரைக் குன்றும் சுரங்கமுமாக வளருங்கள். கொஞ்சம் மெதுவாக ஜெயிப்பீர்கள், அவ்வளவுதான்.

இனி விளையாட்டை நம் மலையோடு வைத்துப் பார்க்கிறேன். ஆட்டத்தின் பிற்பகுதியில் கன்சர்வேஷன் (இயற்கைப் பாதுகாப்பு) வந்த பிறகு வெறும் இடத்தில் திரும்ப மரம் நடலாம், ஆனால் மழைக்காட்டைத் திரும்ப வைக்கவே முடியாது, போனால் போனதுதான். இந்த ஒரு விதிக்காக அதை உருவாக்கியவர்களைக் கும்பிட வேண்டும், சோலைக்காட்டைப் பற்றி நமக்குத் தெரிந்ததும் அதுதானே. ஆனால் அதே விளையாட்டில் மழைக்காடு பக்கத்தில் இருந்தால் கட்டத்தின் அழகு ஒன்று குறைகிறது, பிரேசிலுக்கு மட்டும் விலக்கு. எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

புல்வெளி விஷயத்தில் தவறு இன்னும் பெரிது. விளையாட்டில் புல் என்றால் காலி இடம், ஏதாவது போடலாம். இங்கே அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் மேட்டில் புல்லும் மடிப்பில் சோலையுமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், பெய்கிற மழையை வாங்கி வைத்து வெயில் காலத்திலும் ஓடைக்கு விடுவது அந்த இரண்டும் சேர்ந்துதான். வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கில் அந்தப் புல்வெளி வீண் நிலம். விறகுக்குக் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்), தோல் பதனிடும் பட்டைக்குச் சீகையையும் (வாட்டில்) கொண்டுவந்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகும் வனத்துறை பல காலம் அதையே நட்டது. இன்றைக்கு அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டு, ஆள் வைத்துச் சீகையைப் பிடுங்குகிறார்கள், வெட்டிய இடத்தில் விதை கிடந்து கிடந்து மறுபடி முளைக்கிறது. உங்களுக்குக் கை வராதது நல்லது. அப்படியே இருக்கட்டும்.

மலை நிறைய உள்ள மேப்பில் எந்த நாட்டை எடுக்கலாம்?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

இன்கா. மற்ற எந்த நாட்டுக்கும் மலைக் கட்டத்தில் ஆள் வைத்து வேலை வாங்க முடியாது, இன்காவுக்கு முடியும், உற்பத்தியும் வரும். குன்றில் படிக்கட்டு வயல் போடலாம், பக்கத்தில் எத்தனை மலையோ அத்தனை உணவு கூடும். பூம்பாறையில் பூண்டு வயல் எப்படி அடுக்கடுக்காக இறங்குகிறதோ அதே காட்சியைத் திரையில் பார்க்கலாம். மலையை ஒட்டி கேம்பஸ் வைத்தால் அறிவியலும் ஏறும். உங்கள் ஊரில் 1899இல் சூரிய ஆய்வுக்கூடம் அமைத்தவர்களும் உயரத்தையும் தெளிந்த வானத்தையும் தேடித்தான் மேலே வந்தார்கள்.

ஒன்றை மட்டும் விளையாட்டு சுலபமாக்கிவிடுகிறது. இன்கா ஆட்கள் மலைக்குள் பாதை குடைய ஒரு டர்ன் போதும். நம் மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வந்தது 1899இல், அங்கிருந்து ஊட்டி போய்ச் சேர்ந்தது 1908இல். மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைகள். குடைந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

சோழர்கள் இந்த விளையாட்டில் வருகிறார்களா?
– ஒரு ஆசிரியர், உதகை

2025 பிப்ரவரியில் வந்த சிவிலைசேஷன் 7இல் வருகிறார்கள். அதில் ஆட்டம் மூன்று யுகமாகப் பிரியும், நடு யுகத்தில் சோழ நாட்டைத் தேர்ந்தெடுக்கலாம், பலம் எல்லாம் கப்பலிலும் வணிகத்திலும். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டவும் முடியும். தலைவரை நாட்டிலிருந்து தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், ராஜராஜனோ ராஜேந்திரனோ தலைவராக இல்லை என்பது எனக்குக் குறைதான்.

என் மகன் இந்த விளையாட்டை வைத்து எனக்குப் பாடம் எடுக்கிறான். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை, செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போடுங்கள், போட்ட காசை நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள் என்கிறான். அவன் சொல்வது சரியா?
– சிறு விவசாயி, குந்தா

ஐயா, பையன் சொன்னதில் ஒரு பாதி ரொம்பச் சரி. போட்ட காசு போனதுதான், இனிமேல் எது வரும் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும், விளையாட்டு இதை நன்றாகவே கற்றுக்கொடுக்கிறது. பாதி கட்டிய அதிசயத்தை விட மனசில்லாமல் தோற்றவர்கள் எத்தனையோ பேர்.

மறு பாதியை அவன் இன்னும் யோசிக்க வேண்டும். விளையாட்டில் தேயிலைத் தோட்டம் ஒரு பில்டர், ஒரு டர்ன். பிடிக்காவிட்டால் எடுத்துவிட்டு அடுத்த டர்னில் மறுபடி போடலாம். உங்கள் கையில் இருப்பது அப்படியா? நட்டு மூன்று நாலு வருஷம் காத்திருந்து, கவாத்து செய்து, கொழுந்து எடுத்து வளர்த்த செடி, பல பத்து வருஷம் நிற்கக்கூடியது. கேரட் சில மாதத்தில் கைக்கு வரும், மேட்டுப்பாளையம் மண்டியில் அன்றைக்கு என்ன விலையோ அதுதான், நன்றாக விற்ற வருஷமும் உண்டு, வண்டி வாடகை கட்டாத வருஷமும் உண்டு. அதைவிட முக்கியம் சரிவு. தேயிலை வேர் பிடித்து வைத்திருக்கும் மண்ணை வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை கொத்திப் புரட்டினால், தென்மேற்குப் பருவமழை ஒன்று போதும், மேல்மண் ஓடைக்குப் போய்விடும். மண் போனால் அடுத்த டர்ன் இல்லை.

இதற்கும் விளையாட்டிலேயே ஒரு விதி உண்டு, பையனிடம் கேளுங்கள். வயல், சுரங்கம், தோட்டம் எல்லாவற்றையும் மாற்றலாம், ஆனால் கேம்பஸ், துறைமுகம் மாதிரி டிஸ்ட்ரிக்ட் ஒன்றைக் கட்டி முடித்துவிட்டால் ஆட்டம் முடியும் வரை அது அங்கேதான், இடிக்கவும் முடியாது நகர்த்தவும் முடியாது. அனுபவசாலிகள் டிஸ்ட்ரிக்ட் வைக்கும் முன் அரை மணி நேரம் யோசிப்பார்கள், வயலுக்கு யோசிக்க மாட்டார்கள். தேயிலையைப் பிடுங்குவது எந்த வகை என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயத்தில் அவன் பக்கம் நிற்கிறேன். விளையாட்டில் ஒரே சொகுசுப் பொருள் இரண்டாவது இருந்தால் உள்ளூர் மக்களின் சந்தோஷம் கூடாது, வேறு பொருளுக்கு மாற்றிக்கொண்டால்தான் லாபம். மலை முழுக்க ஒரே பயிர் என்று ஆனதால்தான் 1990களின் கடைசியில் தேயிலை விலை விழுந்தபோது எல்லா வீட்டிலும் ஒரே நாளில் அடுப்பு தணிந்தது. அதனால் முழுவதையும் பிடுங்காமல், சமமான ஒரு துண்டில் மட்டும் காய்கறி போட்டுப் பார்க்கலாம், தேயிலைக்கு நடுவே மிளகோ பழமரமோ உங்கள் உயரத்துக்கு வருமா என்று விசாரிக்கலாம். இதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. குன்னூர் உபாசி வேளாண் அறிவியல் மையத்திலோ தோட்டக்கலைத் துறையிலோ, கையில் மண்ணை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரி வந்தது, 1822இல் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கியது, இதெல்லாம் படிக்கும்போது ஒரு செட்லர் காலி மேப்பில் ஊர் வைப்பது போலவே இருக்கிறது. இந்த விளையாட்டு காலனிய ஆட்சியைச் சரி என்று சொல்லிக்கொடுக்கிறதா?
– வரலாறு படிக்கும் மாணவி, உதகை

நல்ல கேள்வி தங்கச்சி, எனக்கும் இந்த விளையாட்டோடு உள்ள பெரிய சண்டை இதுதான். சல்லிவன் வந்தபோது மேப் காலியாக இல்லை. தோடர்கள் எருமை மேய்த்தார்கள், கோத்தர்கள் இரும்பும் மண்பாண்டமும் செய்து விழாவுக்கு இசையும் வாசித்தார்கள், படகர்கள் பயிர் செய்தார்கள், குறும்பர்கள் தேனும் காட்டுப் பொருளும் கொண்டுவந்தார்கள், இருளர்கள் கீழ்ச் சரிவில் இருந்தார்கள். நெய்க்கு அரிவாள், தானியத்துக்குப் பானை என்று ஒருவரை ஒருவர் நம்பி நடந்த வாழ்க்கை. இதை விளையாட்டின் மொழியில் எழுதவே முடியாது, ஏனென்றால் அங்கே ஊர் வைத்து எல்லைக்கோடு போட்டவருக்குத்தான் கலாச்சாரம், அறிவியல், பெயர் எல்லாம். மற்றவர்கள் ஒன்று பார்பேரியன், இல்லையென்றால் குடிசைக் கூட்டமாக ஒரு பழங்குடிக் கிராமம். அந்தக் கிராமத்தில் நம் ஸ்கவுட் கால் வைத்ததும் கொஞ்சம் தங்கமோ ஒரு ஆராய்ச்சிக் குறிப்போ கொடுத்துவிட்டு அது மேப்பிலிருந்தே மறைந்துவிடும். அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நூறு முறை இப்படி ஆடிய பிள்ளைக்கு, வெறுங்காட்டில் வந்து ஊட்டியை உண்டாக்கினார் என்ற வாக்கியம் உறுத்தாமல் போய்விடும், என் பயம் அதுதான்.

இதைச் சொன்னது நாம் மட்டும் இல்லை. 2018இல் கனடாவின் கிரீ மக்களை, பவுண்ட்மேக்கர் என்ற அவர்களுடைய தலைவரோடு விளையாட்டில் சேர்த்தபோது, அந்த மக்களிடமிருந்தே எதிர்ப்பு வந்தது. நிலத்தைப் பிடித்து மற்றவரை அடக்குவது எங்கள் முன்னோர் வாழ்ந்த முறையே இல்லை, அவரை அப்படிக் காட்டாதீர்கள் என்றார்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் மாற்றம் தெரிகிறது. ஆறாம் பாகத்தில் பார்பேரியன் கிளான்ஸ் என்று ஒரு முறை சேர்த்தார்கள், அதில் அந்தக் கூட்டங்களோடு பேசலாம், விட்டுவைத்தால் அவர்களே ஒரு நகர அரசாக வளர்வார்கள். ஏழாம் பாகத்திலும் அவர்களோடு நட்பு வைக்க வழி இருக்கிறது. போதுமா என்றால் போதாது, ஆனால் அந்த முறையை ஆன் செய்து ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள், ஆரம்பத்தில் அடித்திருந்தால் வந்திருக்கும் தங்கத்தை விட்டுக்கொடுத்து முகாம்களைத் தொடாமல் வைத்தால் மேப் எவ்வளவு வேறாக வளர்கிறது என்று பார்க்கலாம். முடிந்தால் உங்கள் கல்லூரியில் இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதுங்கள், எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

பழைய லேப்டாப், சிக்னல் இருந்தால் கரண்ட் இருக்காது, கரண்ட் இருந்தால் சிக்னல் இருக்காது. எங்களுக்கு ஏதாவது உண்டா?
– மூன்று நண்பர்கள், மஞ்சூர்

உண்டு. ஃப்ரீசிவ் என்று ஒன்று, 1996இலிருந்து இலவசமாக வருகிறது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். போன் என்றால் அன்சிவ், ஐந்தாம் பாகத்தை எளிய படத்தோடு திரும்பச் செய்தது, சின்ன ஃபைல், இதுவும் இலவசம், இறக்கிய பிறகு நெட் தேவையில்லை. பொலிடோபியா இன்னும் எளிது, அதில் பெர்ஃபெக்ஷன் என்ற முறை முப்பதே டர்னில் முடிந்துவிடும், புதிதாக வருகிறவர் அதில் தொடங்கலாம். மூன்று பேரும் ஒரே போனைக் கைமாற்றி ஆளுக்கொரு டர்ன் ஆடலாம், அன்சிவ், பொலிடோபியா இரண்டிலும் அந்த வசதி உண்டு. லேப்டாப்பில் ஆடும்போது செட்டிங்ஸில் ஆட்டோசேவ் ஒவ்வொரு டர்னுக்கும் என்று வைத்துவிடுங்கள், ஜூலை மழையில் கரண்ட் போனால் போகிறது ஒரு டர்ன் மட்டும்தான்.